மாதா கூட்டில் அன்ரனின் பல்புகள்

1994 ஓகஸ்ட், ஞாயிறு. டீட்டிகோன், சுவிஸ்.

இன்று ஊர்வலத்தில் மாதா சுரூபத்தை வைத்துத் தூக்கிய கூட்டைச் செய்தவன் நான். தச்சுப்பட்டறையில் வேலை முடிந்த பிறகு நின்று, நாலு தூணிலும் திராட்சைக்கொடி செதுக்கினேன். அன்ரன் நேற்று வந்து அந்தக் கொடிக்கு மேலேயே வயரைச் சுற்றிக் கலர் பல்பு கட்டினான். பற்றரியில் எரியும் பல்பு. அவ்வளவுதான் அவன் வேலை.

சனம் அவனைத்தான் மொய்த்தது. "அன்ரன், ஊர்த் திருவிழா மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார் பூசை வைத்த சுவாமி. என் மனைவி மேரி என்னிடமே, "என்ன வடிவு, பாருங்கோ" என்றாள்.

பாதி வழியில் பல்புகள் எல்லாம் அணைந்தன. எனக்கு உள்ளூரச் சந்தோசம். இனியாவது தூணைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

"அன்ரன் அண்ணை எங்கை? கெதியாக் கூப்பிடுங்கோ!"

முதலில் கத்தியது மேரிதான்.