மூடி என்றால் வியாதி, நகை என்றால் திருட்டு

நவ. 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. காய்ந்தாலும் அதன்மேல் கரித்தூள்.

இவர் பர்ஸ்ட் ஷிப்ட். கிளம்பும்போது பையைத் தடவிப் பார்த்தேன். கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த வேலை, புருஷனுக்கு செக்யூரிட்டி.

போன வாரம் மெயின் பஜார் பாத்திரக்கடையில் கேமராவில் மாட்டினார். எடுத்தது ஒரு சம்படத்தின் மூடி. சம்படம் அங்கேயே இருக்க, மூடி மட்டும் சட்டைக்குள். இது முதல் மூடி இல்லையாம். கடைக்காரர் நேரே போலீசுக்குப் போய்விட்டார். கேஸ் நின்றால் மைன்ஸ் வேலை போகும், கூடவே குவார்ட்டர்ஸும். ரிட்டயர்மென்டுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

எதிர்வீட்டு மாலதி மேடம் கேட் பக்கம் வந்து, "சார் ஸ்டேஷன் வாசல்ல நின்னாராமே?"

சைக்கிள் தொலைந்துவிட்டது என்றேன்.

"சைக்கிளா? ஷெட்ல நிக்குதே."

இந்த பிளாக்கில் சுவருக்குக் காது மட்டும் இல்லை, கண்ணும் உண்டு.

வாங்க வேண்டியது: உளுந்து, கொசுவத்தி, பீரோவுக்குப் பூட்டு.

நவ. 12, புதன்

கடலூர். முதலில் மனநல டாக்டர். எடுப்பதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று இவரிடம் கேட்டார்.

"நெஞ்சு அடைக்கும் சார். எடுத்துட்டா விட்டுடும். அப்புறம் அசிங்கமா இருக்கும்."

என்னிடம் ஒரு நாள்கூடச் சொல்லாதது. முன்பின் தெரியாத ஆளிடம் கடகடவென்று வருகிறது. அதனாலேயே சந்தேகம். வக்கீல் சொல்லிக் கொடுத்த பாடமோ?

வியாதிக்கு நீளமாக ஒரு பெயர் சொல்லி எழுதியும் கொடுத்தார் டாக்டர். டவுன்ஷிப்பில் மெடிக்கல் லீவுக்கு யார் யார் எப்படிச் சீட்டு வாங்குகிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண் எனக்கு. சீட்டைக் கண்டால் நம்பிக்கை வருவதில்லை.

அடுத்து வக்கீல். "பைத்தியம்னா சட்டம் வுட்டுடும்மா. தான் என்ன செய்யறோம்னே தெரியாதவனுக்குத்தான் அது. உங்க சாருக்குத் தெரியும். தெரிஞ்சும் அடக்க முடியல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கறவனுக்குச் சட்டத்துல நாற்காலி கெடையாது. நாமதான் கேட்டு வாங்கணும். ஒண்ணுக்கும் பெறாத பொருள், முதல் கேஸ், வைத்தியம் பாக்கறாரு, ஜெயில் வேணாம்னு கேப்போம்."

திரும்பும்போது பஸ்ஸில் இவர் தூங்கினார். எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நாற்காலி இல்லாதவன் மனைவி நின்றுகொண்டுதான் வர வேண்டும் போல.

நவ. 14, வெள்ளி

தலைவலி. இவர் டியூட்டியில். மழை விட்டது.

லாஃப்டை ஒழித்தேன். பழைய சேஃப்டி ஷூ பெட்டி கனத்தது. உள்ளே முழுக்க மூடி. ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி, மை டப்பா மூடி, யாரோ பேர் வெட்டிய தூக்குச்சட்டி மூடி. ஒன்றுக்கும் அடி கிடையாது. சிரிப்பு வந்தது, நிஜமாகவே. ஒருவேளை வியாதிதான் என்று அப்போதுதான் முதல் தடவை நினைத்தேன்.

அப்புறம் நகைக்கடை டப்பாவின் சிவப்பு மூடி. உள்பக்கம் ஒட்டியிருந்த பஞ்சில் கொக்கி மாட்டியபடி ஒற்றை ஜிமிக்கி.

மாலதி மேடத்தினுடையது. ஆடியில் காணாமல் போனது. எங்கள் இரண்டு வீட்டிலும் வேலை செய்த அஞ்சலைதான் எடுத்தாள் என்று மேடம் போலீசில் எழுதிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் எடுத்தால் உடனே தெரியாது என்று கணக்குப் போட்டாளாம். நகை கிடைக்கவில்லை, கேஸ் மட்டும் இன்னும் நடக்கிறது. பிளாக்கில் எல்லோரும் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நானும்தான்.

மத்தியானம் இவர் வந்ததும் கேட்டேன். அவர் பெட்டியையே பார்த்தார். "அவங்க வீட்டு ஃபேனை ரிப்பேர் பார்க்கப் போனப்ப மூடிய எடுத்தேன் செல்வி. உள்ள இது இருந்தது வந்துதான் தெரிஞ்சது."

"அஞ்சலைய ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டப்ப?"

மூடிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார். எடுத்தது வியாதி, சரி. வாயை மூடிக்கொண்டு இருந்தது எந்த வியாதி? டாக்டர் அதற்கும் பெயர் வைத்திருப்பாரா?

நவ. 15, சனி

வக்கீலுக்கு போன். சும்மா கேட்பது போல: "மூடிங்களோட ஒரு நகையும் இருந்தா?"

"மூடின்னா வியாதிம்மா. நகைன்னா திருட்டு. ஜட்ஜு அப்படித்தான் பார்ப்பாரு. அப்படி ஏதாவது இருந்தா எனக்குத் தெரியவே வேணாம்."

சாம்பார் அடி பிடித்துவிட்டது.

நவ. 16, ஞாயிறு

காடாம்புலியூர். அஞ்சலை இப்போது தம்பி வீட்டில். முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறாள். ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து. அதே கையால் காபி கொடுத்தாள். என் பர்சுக்குள் ஜிமிக்கி.

இவருக்கு வியாதி என்று மட்டும் சொன்னேன். மூடி, கேமரா, டாக்டர் சீட்டு.

"கேள்விப்பட்டம்மா. ஊரே பேசிக்கினு இருக்குது." முந்தானையால் விரலைத் துடைத்தாள். "அந்த டாக்டருகிட்ட எனக்கும் ஒரு சீட்டு வாங்கிக் குடுங்கம்மா. எடுத்தவங்களுக்கே குடுக்கறாரு. எடுக்காதவளுக்குக் குடுக்க மாட்டாரா?"

தெரிந்துதான் கேட்டாளா? முகத்தைப் பார்த்தால் கேலி மாதிரியும் இல்லை. பர்சைத் திறக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். என்மேலேயே வெறுப்பு.

இவரிடம் அஞ்சலை கேட்டதைச் சொன்னேன். சாப்பிடாமல் எழுந்துவிட்டார். ஜிமிக்கியைத் துவரம்பருப்பு டப்பாவில் புதைத்து வைத்தேன்.

நவ. 17, திங்கள்

வெயில். இவருக்கு வீக்லி ஆஃப். எழுந்தபோது ஆள் இல்லை. பால் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். பால் வாசலில் கிடந்தது.

பருப்பு டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். ஜிமிக்கி இல்லை.

அடப்பாவி மனுஷா. லாஃப்ட், பாத்ரூம் பரண், ஸ்கூட்டர் டிக்கி எல்லாம் தேடினேன். கிணற்றில் போட்டிருப்பார், கேஸிலிருந்து தப்பிக்க. நெஞ்சடைப்பு, அசிங்கம் என்றதெல்லாம் நடிப்பு. நம்பத் தொடங்கின என்னைச் சொல்ல வேண்டும்.

பத்தரைக்கு போன். தெரியாத நம்பர்.

"ஸ்டேஷன் ரைட்டர் பேசறேம்மா. உங்க வூட்டுக்காரரு ஒரு ஜிமிக்கியக் குடுத்துட்டு உக்காந்துகினு இருக்காரு. டாக்டர் சீட்டு இருக்குதானு கேட்டா, வேணாங்கறாரு. நான் இத வியாதினு எழுதறதா, திருட்டுனு எழுதறதா?"

"முதல்ல அந்தக் கேஸ்லேர்ந்து அஞ்சலை பேரை அடிங்க சார்" என்றேன். "அப்புறம் எதை வேணாலும் எழுதிக்குங்க."