நடு வயர்

பிப்ரவரி 4

என் அன்பு மனைவிக்கு,

உன் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நலம், அங்கே நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். எனக்குக் கண் மங்கிவிட்டது. மூக்குக்கு நேரே கொண்டுவந்தால்தான் என் விரலே எனக்குத் தெரிகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல நம் மகள் எழுதுகிறாள். சரக்கு வேனையும் இவள்தான் ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சடையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். தப்பான வழியில் திருப்பமாட்டாள், அவ்வளவு அடக்கமான பிள்ளை.

ஷெட்டில் நிற்கிற காரைக் கிளப்பப் போகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் நீ போன அன்று நிறுத்தியது. போனட்டில் உன் தலை பட்ட பள்ளம் அப்படியே இருக்கிறது. தட்டி எடுக்கட்டுமா என்று ஒருத்தன் கேட்டான். தொடாதே, அது எங்கள் குடும்ப விஷயம் என்றுவிட்டேன்.

டேங்கைத் திறந்தால் பெட்ரோல் கெட்டுப்போன பெயிண்ட் மாதிரி நாறுகிறது. மெக்கானிக் வந்து பம்ப்பைக் குடைந்து பார்த்துவிட்டு, "இதுல கார்பரேட்டர் இல்லீங்களே, பம்ப்பும் பெட்ரோல் தெளிக்கிற ஆறு நாசிலும்தான் இருக்கு, எனக்குப் பழக்கமில்லை" என்றான். பழக்கமில்லாதவன் எதற்கடா கை வைத்தாய் என்று ஸ்பானரால் வாயில் ஒன்று போட்டேன். முன்பல் இரண்டும் போயிற்று. அடுத்து வந்தவன் வாசலோடு திரும்பிவிட்டான்.

நாசில் கழுவுவது உன் தொழில். முறையை வரிசையாக எழுது. கார் கிளம்பியதும் நானும் மகளும் வந்து உன்னைக் கூட்டிப்போவோம். போன தடவை பஸ்ஸில் வந்து உன் பட்டறைக்காரர்களிடம் உதை வாங்கித் திரும்பினேன். புருஷன் காரில் வந்து இறங்கினால் எவன் கேட்பான்?

எழுதமாட்டேன் என்று அடம்பிடிக்காதே. மகளின் எழுதுகிற கையை நான் தொடுவதில்லை. இடது கைக்குத்தான் கட்டுப் போட்டிருக்கிறது.

உன் பதிலை இவள் எனக்குப் படித்துக்காட்டுவாள். பிறகு பக்கத்துக் கடைத் தையல்காரரும் படித்துக்காட்டுவார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் மறவாத கணவன்

அம்மா, நான் உன் நட்டு எழுதுகிறேன். இந்த வரி அப்பாவுக்குத் தெரியாது. இடது மணிக்கட்டு உடைந்தது உண்மைதான்.


பிப்ரவரி 11

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதை எழுதுகிறேன்.

பழைய பெட்ரோலைச் சொட்டு விடாமல் இறக்குங்கள். டேங்கை இரண்டு முறை அலசுங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாம் சுள்ளி மாதிரி ஒடியும், மாற்றுங்கள். ஃபில்டரும் புதுசு வேண்டும். ஆறு நாசிலையும் கழற்றும்போதே ஒன்று முதல் ஆறு வரை அடையாளம் போடுங்கள், இடம் மாறக்கூடாது. கரைப்பானில் இரண்டு நாள் ஊறட்டும். அடைப்பு எடுக்கிறேன் என்று கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் அது நாசில் இல்லை, குழாய். அடித்துத் திறக்கிற சாமான் இல்லை இது. உங்களிடம் இதைச் சொல்வது வீண், ஆனாலும் சொல்கிறேன்.

பிறகு சோதனை. நாசில்களைக் குழாயில் மாட்டி, இன்ஜினில் சொருகாமல், ஆறு கண்ணாடி பாட்டில்களின் வாயில் இறக்கிவையுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றினால் பம்ப் தள்ளும். பெட்ரோல் புகையாக விரிந்தால் நாசில் சுத்தம். ஒழுகினால் மறுபடி ஊறப்போடுங்கள். தூரத்தில் நின்றால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. முகத்தைப் பாட்டிலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

சாவியைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட்டரின் இரண்டு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் முட்டவைத்தால் நின்ற இடத்திலிருந்தே சுற்றலாம். துணைக்கு ஆள் வேண்டாம். மகளை வீட்டுக்குள் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து


பிப்ரவரி 20

அன்பு மனைவிக்கு,

எழுத்தில்கூட உனக்குத் திமிர் குறையவில்லை. "உங்களுக்கு" என்றா புருஷனுக்கு எழுதுவது? தையல்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். அவருடைய கத்தரிக்கோலை எடுத்து மேஜையில் குத்தி நிறுத்தினேன். இப்போது மரியாதையாகப் படிக்கிறார்.

டேங்க் அலசியாயிற்று, ஹோஸ் மாற்றியாயிற்று. நாசில் ஆறும் பளபளவென்று இருக்கிறதாம். எல்லாம் மகள்தான் செய்தாள், ஒற்றைக் கையால். உன் ரத்தம் அல்லவா! ஸ்க்ரூடிரைவர் வேலையெல்லாம் என் கண்ணுக்கு ஆகாது. மகள் காருக்குள் உட்கார்ந்து சாவி திருப்புவாள், நான் குனிந்து பார்ப்பேன். இன்றைக்கே முடித்திருப்பேன். ஒரே அளவில் ஆறு பாட்டில் கிடைக்கவில்லை என்று இந்தக் கழுதை இழுத்தடிக்கிறது. கிடைத்த ஒன்றை அவள் முதுகில் உடைத்தேன். இப்போது தேடுகிறாள்.

இப்படிக்கு,
உன் கணவன்

அம்மா, பாட்டில் ஆறும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. உன்னிடம் ஒன்று கேட்காமல் சாவியைத் தொட எனக்குக் கை வரவில்லை.

ஒன்பது வயதில் என்னை டயர்மேல் உட்காரவைத்து, "நடு வயர் பாக்கெட்டுக்கு, அப்புறம்தான் பெட்ரோலுக்குக் கை" என்று சொல்லிச் சொல்லித் தருவாய். காயிலின் நடு வயரைக் கழற்றாமல் சாவி திருப்பினால் பொறி வரும். அந்த வயரின் தோலும் வெடித்திருக்கிறது. ஆறு பாட்டில் பெட்ரோல் புகை, அதற்குமேல் அப்பாவின் முகம். உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன், நடு வயர் என்ற சொல்லே இல்லை. நீ மறக்கிற ஆள் இல்லை.

என்னைத் தப்பாக நினைக்காதே. படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஷெட் கதவு என் பக்கம், ஓடிவிடலாம் என்று நினைக்கிறேன். அடுத்த கடிதத்திலும் அந்த வரி இல்லையென்றால் திருப்பிவிடுகிறேன். இருந்தால் கழற்றிவிடுகிறேன். நீ சொல்கிறபடி.


பிப்ரவரி 26

அன்புள்ள கணவருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. கோபம் வேண்டாம். போன கடிதத்தில் முக்கியமான ஒரு வரி விட்டுப்போயிற்று. வயதாகிறது, என்ன செய்ய!

சோதனைக்கு முன் காயிலின் நடு வயரைக் கழற்ற வேண்டும். கழற்றி, மகள் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளட்டும். கழற்றாமல் சாவியைத் தொடவே கூடாது. ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், அதுவும் பொறி. தையல்காரரே, இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

ஆறும் நன்றாகத் தெளித்தால் திரும்ப மாட்டி, நடு வயரைப் போட்டுக் கிளப்பலாம். முதல் ஓட்டம்தான் முக்கியம். கழுவிய நாசில் சூடேறிப் பொருந்த, நிறுத்தாமல் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ஓட்டுகிற ஆள் மட்டும் ஏற வேண்டும். பாரம் கூடினால் பம்ப் அதிகமாகத் தள்ளி மறுபடி அடைத்துக்கொள்ளும். நீங்கள் வாசலில் நில்லுங்கள், தையல்காரர் புகையைப் பார்த்துச் சொல்வார். போகும்போது கறுப்பு, வரும்போது வெள்ளை என்றால் வேலை சுத்தம்.

பிள்ளை எங்கே போய்விடுவாள் என்று யோசிக்காதீர்கள். என்னை அழைத்துப்போகத்தானே இத்தனை பாடும்? துணிமணி கட்டிவைத்துவிட்டேன். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மனைவி


மார்ச் 9

தையல்காரர் அவர்களுக்கு,

இனி அந்த வீட்டில் கடிதம் படிக்க ஆள் இல்லை. உங்களிடம்தான் கொண்டுவருவார். கீழே உள்ளதை அவர் காதில் விழும்படி, நிறுத்தாமல் படியுங்கள்.

கார் வந்து சேர்ந்தது. கட்டுப் போட்ட கையாலேயே கியர் மாற்றி ஓட்டி வந்திருக்கிறாள். ஆறு நாசிலும் பிசிறில்லாமல் தெளிக்கின்றன. அவள் முதுகிலிருந்து கண்ணாடிச் சில்லு நான்கு எடுத்தோம். தன் சடையைத் தானே வெட்டி உங்கள் வேன் இருக்கையில் வைத்துவிட்டு வந்தாளாம். தடவிப் பாருங்கள், இருக்கும்.

முதல் கடிதத்தில் அந்த வரியை நான் மறக்கவில்லை. உங்களைக் கொளுத்தத்தான் எழுதினேன். தபாலில் போட்ட அன்று, பதினோரு வருஷத்தில் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டேன். சாவி அவள் கையில் என்று தெரிந்ததும் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அவள் பிழைக்காமல் போயிருக்கலாம். பிழைத்திருந்தாலும், உங்களைக் கொன்ற கையோடு என் பிள்ளை காலம் தள்ள வேண்டுமா? அந்த அளவுக்கு உங்களுக்குத் தகுதி இல்லை. உங்கள் உயிர் நான் போட்ட பிச்சை இல்லை, அவள் கேட்ட ஒரு கேள்வி.

இன்னொரு ஆள் பாரத்தில் பம்ப் கெட்டுப்போகாது. ஐந்து பேர் ஏறினாலும் ஓடும். போன கடிதத்தில் "அன்புள்ள" என்று போட்டேன். அதுவும் பொய்தான். அந்த ஒரு சொல்லுக்கு விழுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

போனட் பள்ளத்தை நானே தட்டி எடுத்தேன். நல்ல சுத்தியல். இப்போதும் மேஜைமேல் பக்கத்தில்தான் இருக்கிறது. மணிக்கு ஒரு பஸ் உண்டு, வருவதானால் வாருங்கள். இந்த முறை பட்டறைக்காரர்களை நான் தொந்தரவு செய்யமாட்டேன்.

இப்படிக்கு,
நட்டுவின் அம்மா

தையல்காரரே, படித்து முடித்ததும் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடுங்கள்.