பை யாருடையது என்று கேட்டார்கள், லோகா அக்கா

என்னைத் திட்டிக்கொண்டே எனக்கும் சேர்த்துச் சோறு கட்டி வந்த என் லோகா அக்காவுக்கு,

நீங்கள் போய் நேற்றோடு ஒரு வருஷம். வெள்ளவத்தை வீட்டில் அத்தான் முதல் வருஷத்து ஆட்டைத் திவசத்தைச் சுருக்கமாகச் செய்தார். ஐயர் வந்து போன பிறகு நாலைந்து பேர் இருந்து சாப்பிட்டோம். வாழைக்காய்க் கறிக்கு உப்புக் கூடிவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சமைத்தவரின் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பீர்கள்.

கை கழுவும்போது அத்தான் மறுபடியும் அதையே சொன்னார். "அவளுக்கு என்னைவிட அந்தக் கடதாசிக் கட்டுத்தான் பெரிசு, தயா. வேண்டாம் வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? அதைக் காவிக்கொண்டு போய்த்தானே செத்த பிறகும் பேர் கெட்டது." ஒரு வருஷமாக அந்த மனுஷன் செத்துப்போன மனைவியோடு கோபமாக இருக்கிறார். அந்தக் கோபத்தை நான் ஒரே வசனத்தில் தீர்த்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்தேன்.

அந்த வசனத்தை இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு அந்தப் பையைக் கொண்டுவர வேண்டியவள் நான்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையில் நம்முடைய பள்ளிக்கூடம் சின்னது. பத்தாம் வகுப்புக்கு நீங்கள் தமிழ், நான் சமூகக்கல்வி. வியாழக்கிழமை கடைசிப் பாடத்தை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து எடுப்போம். ஒரே ஒரு செய்தி. அதைத் தமிழ்ப் பேப்பர் எப்படிச் சொல்கிறது, சிங்களப் பேப்பர் எப்படி, இங்கிலிஷ் பேப்பர் எப்படி, ரேடியோவும் டிவியும் எப்படி என்று பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் வசனத்தில் யார் இருக்கிறார்? சொன்னது யார்? எது இல்லை? இந்த மூன்று கேள்விக்கும் கொப்பியில் பதில் எழுத வேண்டும்.

டிவிக்கு நீங்கள் வைத்த சட்டம் தனி. முதல் செய்தியைச் சத்தத்தை மூடிவிட்டுப் பார், அடுத்த செய்தியை டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேள் என்றீர்கள். ஒரு பிள்ளையின் தாய் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "டீச்சர், பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நியூஸ் கேக்குது, ஏதும் நேர்த்திக்கடனோ?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சிரித்த சிரிப்பில் அதிபர் தன் அறையை விட்டு வெளியே வந்தார்.

ரேடியோவைத் திருப்பிப் பார்க்க முடியாது. அதனால் எத்தனை மணிக்குக் கேட்டாய் என்று நேரத்தைப் போடச் சொன்னீர்கள். காலையில் சொன்ன தொகை மாலையில் மாறும், நேரம் இல்லாவிட்டால் எது முந்தியது என்று தெரியாது. பிள்ளைகள் அந்த நேரங்களைப் பேப்பர்த் துண்டுகளின் ஓரத்திலேயே சிவப்புப் பென்சிலால் எழுதிவிடுவார்கள். கொப்பியில் எழுதுங்கோ என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. அதில் என்ன கெடுதல் வரப்போகிறது என்று இருந்துவிட்டோம்.

அந்தத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கி வியாழக்கிழமை திருப்பிக் கொண்டுவருவது நம் வேலை. ஒரு கிழமை நீங்கள், ஒரு கிழமை நான். முறைப் பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தோம். சோதனைச் சாவடி வந்தால் நம்மவர்கள் தமிழ்ப் பேப்பரை மடித்து உள்ளே வைத்துவிட்டு இங்கிலிஷ் பேப்பரைக் கையில் எடுக்கிற காலம் இது. நாம் என்னவென்றால், சண்டைச் செய்திகளை மூன்று பாஷையிலும் கத்தரித்துப் பை நிறையக் கொண்டு திரிந்தோம்.

அது என் கிழமை. புதன்கிழமை பின்னேரம் பம்பலப்பிட்டியில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஒரு சிப்பாய் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமும் வாய்க்குள் செத்துவிட்டது. அரை மணித்தியாலம் நிறுத்திவைத்துப் பிறகு போக விட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ் தரிப்பில் பையை உங்கள் பக்கம் நீட்டினேன். "இண்டைக்கு மட்டும் நீங்கள் கொண்டு போங்கோ அக்கா. உங்களுக்குச் சிங்களம் வடிவா வரும், மறிச்சாலும் சமாளிப்பியள். நான் ட்ரெயின்ல வாறன்."

"கொண்டா இஞ்சை. பேப்பர் என்ன, கடிக்கவே போகுது?" என்றீர்கள்.

ஏன் ட்ரெயின் என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பைக்குப் பக்கத்தில் உட்காரக்கூட எனக்குத் துணிவில்லை, அக்கா. அதுதான் உண்மை.

நீங்கள் ஏறிய பஸ் புறக்கோட்டையை அண்டும்போது அதில் குண்டு வெடித்தது. நான் அப்போது கோட்டை ஸ்டேஷன் படியில். சத்தம் கேட்டது. உங்கள் பஸ் என்று நினைக்கவில்லை. இருக்க இடம் கிடைத்ததா உங்களுக்கு? பையை மடியில் வைத்திருந்தீர்களா? இதை யாரிடம் கேட்பேன்?

மாலை ரேடியோ செத்தவர்களின் தொகையைச் சொன்னது. டிவி பையைக் காட்டியது. தெருவில் சிதறிக் கிடந்த நம் துண்டுகளைக் கிட்டத்தில் காட்டியது. மறுநாள் ஒரு சிங்களப் பேப்பர், சந்தேகத்துக்குரிய தமிழ்ப் பெண் ஒருத்தி சண்டைச் செய்திகளைச் சேர்த்து நேரங்கள் குறித்து வைத்திருந்தாள் என்று எழுதியது. இங்கிலிஷ் பேப்பரில் நீங்கள் 'அடையாளம் காணப்படாத பெண்'. இதிலெல்லாம் எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. ஒரு தமிழ்ப் பேப்பரும் ஒருவரையும் விசாரிக்காமல் அதே சந்தேகக் கதையை மொழிபெயர்த்துப் போட்டது பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் உடலைத் தர மறுத்தார்கள். அத்தானை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள்.

சிங்களப் பேப்பரைக் கொண்டுவந்தவள் ருவைதா. வகுப்பில் சிங்களம் நன்றாக வாசிக்கிற பிள்ளை. கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் திடமாக இருந்தது. "டீச்சர், நேரம் நேரம் என்று போட்டிருக்காங்களே, அது நாங்க நியூஸ் கேட்ட நேரம்தானே? ஆறே முக்கால் என்றது என்ட கையெழுத்து டீச்சர். கொப்பியைக் காட்டினா விளங்கும்தானே?"

முப்பத்திரண்டு கொப்பிகளையும் பிள்ளைகள் அன்றைக்கே கட்டித் தந்தார்கள். அதிபர் முதலில் நடுங்கினார், பிறகு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தார். ருவைதாவின் வாப்பா கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பொலிசுக்கு வந்தார். இன்ஸ்பெக்டர் கொப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். துண்டுகளில் இருந்த நேரங்களின் கையெழுத்தையும் செய்திகளையும் கொப்பிகளோடு ருவைதாவின் வாப்பா ஒத்துப் பார்த்துச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் இன்ஸ்பெக்டர் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மே பேக் எக்க காகேத?" பை யாருடையது?

என்னுடையது என்று சொன்னால் அன்றிரவு என்னை வீட்டுக்கு விடமாட்டார்கள் என்று பயந்தேன். "லோகேஸ்வரி டீச்சர்கே" என்றேன், உங்களுடையது என்று. அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் உங்களைத் தந்தார்கள். கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனோம். சில கிழமை கழித்து அந்தச் சிங்களப் பேப்பர் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில், அவர் ஒரு ஆசிரியை, துண்டுகள் மாணவிகளின் பாட வேலை என்று திருத்தம் போட்டது. மொழிபெயர்த்த தமிழ்ப் பேப்பர் இன்றுவரை மூச்சுவிடவில்லை. டிவிக்குத் திருத்தம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

அதிபர் வியாழன் பாடத்தை நிறுத்தினார். பிள்ளைகள் பதினோராம் வகுப்புக்கு வந்தும் விடவில்லை, இந்தத் தவணை மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். துண்டுகள் இப்போது பள்ளிக்கூட அலுமாரியை விட்டு வெளியே போவதில்லை. நேரத்தைக் கொப்பியில்தான் எழுதுகிறார்கள்.

போன மாசம் ருவைதா எழும்பி, "லோகா டீச்சர்ட செய்தியைச் செய்வமா?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முழு வகுப்பும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்றேன்.

அழுதுகொண்டே செய்தார்கள், ஆனால் ஒழுங்காகச் செய்தார்கள். 'எது இல்லை?' என்பதன் கீழே ஒரு பிள்ளை, டீச்சர் நன்றாகச் சிரிப்பார் என்பது எதிலும் இல்லை என்று எழுதியிருந்தது. இன்னொன்று, டீச்சரைத் தெரிந்த ஒருவரிடமும் எந்தப் பேப்பரும் கேட்கவில்லை என்று. ருவைதாவின் கொப்பி அடியில் இருந்தது. அவள் எழுதியிருந்தாள்: "அந்தக் கிழமை தயா டீச்சரின் முறை. பை ஏன் லோகா டீச்சரிடம் இருந்தது என்று எந்தச் செய்தியிலும் இல்லை."

அந்தப் பிள்ளை என்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறாள். எல்லாச் செய்தியிலும் விடுபட்டது எது என்று தேடிப் பார்த்து, அதை விட்டவள் நான்தான் என்று கண்டுபிடித்திருக்கிறாள். சரி போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்கா, உங்கள் பெயரைக் காப்பாற்ற ஓடித்திரிந்த நல்ல பிள்ளை என்று எல்லோரும் என்னைச் சொல்கிறார்கள். நேற்று அத்தான்கூடச் சொன்னார். பேப்பர்காரரும் பொலிசும் உங்கள்மேல் போட்டதை எடுத்துவிட்டோம். நான் போட்டது மட்டும் அப்படியே கிடக்கிறது. நீங்கள் சொல்வழி கேளாமல் போய்ச் செத்தீர்கள் என்று அத்தான் நம்புகிறார். சொல்லக் கேட்டதனால்தான் அந்தப் பை உங்கள் கையில் இருந்தது. நான் சொல்லக் கேட்டீர்கள்.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமையே நான் அத்தானிடம் போவேன். இதை அவர் பேப்பரில் வாசித்து அறியக்கூடாது, என் வாயால் கேட்கவேண்டும். கதவைச் சாத்துவாரோ, கையில் கிடைத்ததை எறிவாரோ தெரியாது. எறியட்டும். அந்தக் கோபம் ஒரு வருஷமாகத் தவறான ஆளிடம் இருந்துவிட்டது, அதை நான் வாங்கிக்கொண்டு வருவேன். அதற்குப் பிறகாவது அவர் உங்களுக்காக அழட்டும்.

வாய் திறக்க ஒரு வருஷம் எடுத்த உங்கள் தங்கை,
தயா