கோவிலுக்கு என்று நான் சொன்ன ஜாடி

இங்கே பாருங்க,

இத்தனை வருஷமும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காகப் புதிதாக 'அன்புள்ள' என்று போட்டால், யாருக்கோ எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அன்புக்கு ஒன்றும் குறைவில்லை. அது எங்கே போகும்?

சனிக்கிழமை அடையாற்றுத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். உங்கள் தங்கை பிலோமினா வீட்டில் திராட்சரசம் ருசி பார்க்கும் நாள். நீங்கள் இல்லாமல் நடக்கிற முதல் வருஷம். போக வேண்டும் என்றும் தோன்றவில்லை, போகக் கூடாது என்றும் தோன்றவில்லை. பிலோமினா ஆள் அனுப்பினாள், நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

போன நவம்பரிலிருந்து எனக்கு எல்லாமே இப்படித்தான். உங்களை அடக்கம் செய்த அன்றுகூட அழவில்லை. "ரோசலி மாதிரி தைரியம் யாருக்கு வரும்" என்று கச்சேரி ரோட்டில் பேசிக்கொள்கிறார்களாம். தைரியமாவது மண்ணாவது. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நடந்துகொண்டிருக்கிறேன்.

நம் காதர் பாய்தான் ஜட்கா கொண்டுவந்தார். ஏறி எப்போதும்போல பின்னால் உட்கார்ந்தேன். வண்டி மேலே தூக்கிக்கொண்டது. "அம்மா, கொஞ்சம் முன்னாடி நவுந்து குந்தும்மா. வெயிட்டு பின்னால போய்க்கினு கீது, குதிர பாவம்" என்றார். முன்னால் நீங்கள் உட்காருகிற இடம். நகர்ந்து உட்கார்ந்தேன்.

யுத்தம் முடிந்துவிட்டது, தெரியுமா? தெரு விளக்குகளின் கறுப்பு மூடியைக் கழற்றிவிட்டார்கள். உங்கள் வகுப்புக்குப் புது வாத்தியார் வந்திருக்கிறார், பையன்கள் அவருக்குப் பயப்படுவதே இல்லையாம். சர்க்கரைக்கு இன்னும் ரேஷன்தான். பூசைக்குச் சீமையிலிருந்து வரும் திராட்சரசமும் இன்னும் வந்துசேரவில்லை. ஆகவே கோவிலுக்கு இந்த வருஷமும் பிலோமினா புருஷன் சூசை அண்ணன் பந்தலில் காய்த்ததுதான்.

அந்த வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். இதை நம் கோவில் பங்குப் பத்திரிகையில் போடப்போகிறார்கள் என்பதால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாதா திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை ரசம் ஊறிய ஜாடிகளைப் பந்தலுக்கு அடியில் கொண்டுவந்து திறப்பார்கள். வீட்டில் மூத்தவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து முதல் வாய் குடிப்பார். ஒவ்வொரு ஜாடிக்கும் அவர் ஒரே வார்த்தைதான் சொல்வார்: கோவிலுக்கு, பண்டிகைக்கு, அல்லது ஊறுகாய்க்கு. பிறகு எல்லோரும் ஆளுக்கொரு வாய் குடிக்கலாம், ஆனால் யாரும் மறுத்துப் பேசக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. உங்கள் சித்தப்பாக்கள் ஒரு ஜாடிக்காகச் சண்டை போட்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த பிறகு வந்த கட்டுப்பாடு அது.

அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். "அண்ணன் இடம் காலியா இருக்கக் கூடாது" என்றார் சூசை அண்ணன். பங்குச் சாமியாரும் தலையாட்டினார். நானும் உட்கார்ந்தேன்.

முதல் ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே? "கோவிலுக்கு" என்றேன். அடுத்த ஜாடிக்குப் "பண்டிகைக்கு" என்றேன். சூசை அண்ணன் முதல் ஜாடியின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் சிலுவை போட்டார். எல்லோரும் அதிலிருந்து ஒரு வாய் குடித்தார்கள், ஒரு முகமும் மாறவில்லை. சாமியார் மட்டும் ரொம்ப நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பிலோமினா என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னா அண்ணி, உங்களுக்கு நாக்குல ஒண்ணுமே தெரியலியா?"

"தெரியலை."

"எப்பத்திலேர்ந்து?"

"உங்க அண்ணன் போனதுலேர்ந்து."

"அப்ப காலைல நான் ஆக்கிப்போட்ட மீன் கொழம்பு? நல்லா கீதுன்னு ரெண்டாந்தடவ கேட்டு வாங்கினீங்களே!"

"அதுவும்தான்."

அவளுக்குக் கோபமா துக்கமா, தெரியவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீங்க கோவிலுக்குன்னு சொன்னது காடி அண்ணி! புளிச்சுப்போன சுத்தமான காடி. அதை வெச்சா பூசையே செல்லாது. நவம்பர்ல அண்ணனோட வருஷப் பூசைக்கும் அந்த ஜாடிதான் போவும்."

"அங்கேயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்டி சொல்றது? மொத வாய் நீங்களாச்சே. நீங்களே மாத்தினாத்தான் உண்டு."

உங்கள் பூசைக்குக் காடி. மரத்துப்போனவளுக்குக்கூட அது எங்கோ உறைத்தது. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்றேன்.

குடித்தேன். தண்ணீர் குடிப்பதுபோலத்தான் இருந்தது. பிலோமினா சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். மனசு வரவில்லை. உங்கள் பூசை விஷயத்தில் எனக்கே தெரிய வேண்டும் என்று இருந்தது. கோப்பையை அவளிடம் நீட்டினேன். "நீ குடி. முதல் வாய் குடித்தவள் நான் சொல்கிறேன், இந்தத் தடவை மூஞ்சியை அடக்காதே" என்றேன்.

குடித்தாள். இடது கண் இறுக மூடிக்கொண்டது. உதடு ஒரு பக்கமாகக் காதுவரை இழுத்தது. தோள் இரண்டும் மேலே ஏறி ஒரு உதறு உதறின.

அது உங்கள் முகம். புளிப்பு மாங்காய் கடிக்கும்போதெல்லாம் எனக்கு எதிரில் உட்கார்ந்து நீங்கள் காட்டுவீர்களே, அதே முகம். இத்தனை நாள் அவளிடம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

என் பல் கூசிவிட்டது. தாடை இரண்டும் இழுத்துக்கொண்டு வாயெல்லாம் எச்சில் ஊறியது. "ஊறுகாய்க்கு" என்றேன். குரல் என்னுடையதாகவே இல்லை. அவ்வளவுதான், அதுவரை அடக்கிவைத்திருந்த முகத்தையெல்லாம் எல்லோரும் ஒரேயடியாகச் சுளித்தார்கள். சாமியார் தண்ணீர்ப் பானையை நோக்கி ஓடினார். "மன்னிக்கணும்மா, இன்னும் கொஞ்சம் போயிருந்தா செத்திருப்பேன்" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது, அது காடியால்தானா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஜாடியை மறுபடி குடித்துப் பார்த்தேன். லேசாக ஏதோ தெரிந்தது. இனிப்பா துவர்ப்பா, இன்னும் சொல்ல வரவில்லை. பிலோமினா முகம் அமைதியாக இருந்தது. "கோவிலுக்கு" என்றேன். பழைய சிலுவையை அவள் முந்தானையால் துடைத்தாள், சூசை அண்ணன் இந்த ஜாடியில் புதிதாகப் போட்டார்.

திரும்பும்போது காதர் பாய் சொல்லாமலே முன்னால் உட்கார்ந்தேன்.

நவம்பரில் உங்கள் பூசைக்கு நல்ல ரசம் போகும், அதற்கு நான் பொறுப்பு. அடுத்த வருஷமும் அந்த நாற்காலியில் நானே உட்காருவேன், பிலோமினாவை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு. அதற்குள் என் நாக்கு சரியாகிவிட்டாலும், அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன்.

உங்கள் தங்கைக்கு அண்ணி,
உங்களுக்கு இன்னும் மனைவி,
ரோசலி