முதல் சட்டி யார் கையால்

வேடியப்பன் துணை

ஒடுகத்தூர்
10-11-79

அன்பு மகள் செந்தாமரைக்கு அப்பா அருணகிரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சோற்றுக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், உடம்பு அலுத்துப்போயிருக்கிறதே தவிர நோய் நொடி ஒன்றும் இல்லை. அங்கே நாக்பூரில் நீயும் மாப்பிள்ளை துரைக்கண்ணுவும் உன் வயிற்றில் இருப்பதும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்கு அடுத்த வாய் இறங்கும். உன் கடிதம் இரண்டும் கிடைத்தன. அம்மா எந்த ரயிலில் ஏறுகிறாள், எந்தத் தேதிக்கு மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்து நிற்கட்டும் என்று இரண்டிலும் கேட்டிருக்கிறாய். பதில் போடாமல் இருந்தது மறதி இல்லை கண்ணு, என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். உன் அம்மா வரமாட்டேன் என்கிறாள். படித்ததும் பயந்துவிடாதே, அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உன்மேல் கோபமும் இல்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, வேலை கிடையாது, அதனால் இன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பொறுமையாகக் கடைசிவரைக்கும் படி.

மலையில் இந்த வருஷமும் சாமை ஏமாற்றிவிட்டது. வேண்டிய நேரத்தில் மழை இல்லை, கதிர் மணி பிடிக்காமல் சாவியாய்ப் போன பிறகு கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. புளியும் பூவெடுத்ததோடு சரி. அதனால் நெல்லிவாசலில் நம் தெருவே பூட்டிக்கிடக்கிறது, எல்லோரையும் நான்தான் ஜீப்பில் அடைத்துக்கொண்டு வந்து இங்கே ஒடுகத்தூரில் வேலைக்கு விட்டிருக்கிறேன். மணிலாக்கொட்டை மண்டி தங்கவேல் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பெரிய கட்டடம் எழுப்புகிறார், கீழே கடைகள், மேலே லாட்ஜ், மூன்று மாடி. கடைக்கால் வேலை மொத்தமும் என் பொறுப்பு. நீ சின்ன வயதில் பார்த்த வேலை மாதிரி நீளத்துக்குப் பள்ளமாக வானம் தோண்டிக் கருங்கல்லை அடுக்குகிற வேலை இல்லை இது. ஒவ்வொரு தூணுக்கும் தனிக்குழி, ஆள் இறங்கினால் தலை தெரியாது. அந்த இடம் முன்னே நெல் வயல், அத்தனையும் களிமண், கெட்டியான மொரம்பு மண் கண்ணில் படுகிற வரைக்கும் தோண்டு என்று என்ஜினீயர் சொல்லிவிட்டார். அடியில் மெலிசாக ஒரு ஜல்லிப் படுக்கை, அதன்மேல் பாய் பின்னுகிற மாதிரி கம்பிக்கட்டு, நடுவில் தூண் கம்பி எழும்பி நிற்கும், அப்புறம் சட்டி சட்டியாகக் காங்கிரீட்டைக் கொட்டிக் கம்பியால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். ஒரு குழியில் போட ஆரம்பித்தால் அன்றைக்கே முடித்தாக வேண்டும், பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வந்து போட்டால் ஒட்டாது. இதையெல்லாம் எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்றால், வந்த வம்பு முழுக்க இந்தக் குழியில்தான் வந்தது.

ஆவணியில் பூஜை போட்டபோதே காசி ஒரு சேதி கொண்டுவந்தான். காசியை உனக்குத் தெரியும், நம் பக்கத்து வீட்டுக்காரன், கலவை போடுகிறவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். முதலாளி வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றான். வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரன் கடைக்கால் போடக்கூடாது என்பது மலையிலும் உண்டு, கீழ்நாட்டிலும் உண்டு. ஆனால் பணக்காரர்களுக்கு எதற்கும் ஒரு சந்து கிடைக்கும். தங்கவேல் தானும் தொடவில்லை, மகனையும் தொடவிடவில்லை, கல்யாணமாகாத தம்பியைக் கூப்பிட்டு அவன் கையால் செங்கல்லை வைத்துவிட்டுப் போய்விட்டார். உன் அம்மா அதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. குழியெல்லாம் தோண்டி, கம்பியும் கட்டி, சிமெண்டுக்குப் பர்மிட் வராமல் உட்கார்ந்திருந்தபோதுதான் நீ முழுகாமல் இருக்கிறாய் என்று கடிதம் வந்தது. ஐந்து மாதம் தாண்டட்டும் என்று பயந்து எங்களிடம்கூட மறைத்து வைத்திருந்தாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை, இரண்டு முறை பட்டவளுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் இருக்கும். கடிதத்தை நான் படித்துக் காட்டியதும் உன் அம்மா சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பொண்ணு வயித்துல சொமந்துனு இருக்கறப்ப நீங்க குழியில கை வெப்பீங்களா?" என்று கேட்டாள்.

கட்டடம் தங்கவேலுடையது, குழி தங்கவேலுடையது, நாம் கூலிக்கு வந்தவர்கள், நமக்கு என்ன தோஷம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவள், முதல் சட்டியைப் போடுகிறது மேஸ்திரி கைதானே, கை யாருடையதோ அவன் வீட்டுக்குத்தான் எல்லாம், இல்லாவிட்டால் தங்கவேல் எதற்குத் தம்பியைக் கூப்பிட்டார் என்று கேட்டாள். சரி, வேறு யாரையாவது போடச் சொல்லலாம் என்று பார்த்தால், பேச்சு காதுக்குக் காது போய் ஒருத்தரும் கையை நீட்டவில்லை. ஒருத்தன் தங்கை மாசமாக இருக்கிறாளாம், இன்னொருத்தன் மகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதாம். காசியைக் கேட்டதற்கு, "எங்க வூட்டுப் பசு செனையா கீது மேஸ்திரி" என்றான். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலையில் மண்ணெண்ணெய் டின்னால் குழித் தண்ணீரை இறைப்போம், சாயங்காலம் திரும்ப நிரம்பி நிற்கும். ஓரமெல்லாம் சரிந்து கம்பிக்கட்டின்மேல் விழுந்தது, மண்ணை அள்ளிக் கம்பியைத் தேய்த்துக் கழுவி மறுபடியும் நிறுத்தினோம். பர்மிட் சிமெண்டு வந்து மண்டியில் அடுக்கியிருந்தது, ஈரம் ஏறிக் கட்டி பிடித்துவிட்டால் தொடவிடமாட்டேன் என்று என்ஜினீயர் ஒரு பக்கம், வெயில் கண்டதும் வேலை நடக்காவிட்டால் ஆம்பூரிலிருந்து வேறு ஆள் இறக்கிவிடுவேன் என்று தங்கவேல் ஒரு பக்கம். இத்தனை பேரையும் திரும்ப மலைக்கு அனுப்பினால் அங்கே என்ன இருக்கிறது சாப்பிட?

ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தது. தகட்டின்மேல் மணலும் சிமெண்டும் ஜல்லியும் கொட்டிக் கலவை போட்டாகிவிட்டது, பெண்கள் எல்லோரும் சட்டியோடு வரிசையாக நிற்கிறார்கள். காங்கிரீட் காத்திருக்காது, தண்ணீர் ஊற்றியாகிவிட்டால் இறுக ஆரம்பித்துவிடும். கன்னிமூலைக் குழி ஓரத்தில் முதல் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். எத்தனை கட்டடத்துக்குப் போட்ட கை, அன்றைக்கு எழவில்லை. பூசாரியும் என்ஜினீயரும் சேர்ந்து வந்து தோஷமில்லை என்று சொல்லியிருந்தாலும் எழுந்திருக்காது. உன் முகம்தான் எதிரில் நிற்கிறது. அப்போது உன் அம்மா வரிசையை விட்டு வந்து என் கையிலிருந்து சட்டியை வாங்கினாள். வாங்கினாள் என்றா சொல்வது, பிடுங்கினாள். ஏணியில் தானே இறங்கித் தூண் கம்பியின் அடியில் கொட்டினாள். "இன்னா வந்தாலும் என்னோட நிக்கட்டும்" என்றாள், சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த எனக்கும் காசிக்கும்தான் கேட்டது. அப்புறம் என்ன, மளமளவென்று வேலை நடந்தது. அன்றைக்கு முழுக்க அவளும் எல்லோரோடும் சட்டி சுமந்தாள். சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு வந்து, நான் குழியில் கை வைத்தவள், இனி செந்தாமரை வயிற்றைத் தொடமாட்டேன், பிரசவத்துக்கு நீங்களே போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஊருக்காக நீ தலையைக் கொடுப்பாய், பிரசவம் பார்க்க நான் போவதா, எனக்கு மண்ணைத் தோண்டத் தெரியும், மகப்பேற்றைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். மலைக்கு ஏறிப் பூசாரியைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினேன். கூலிக்குச் செய்கிறவளுக்கு ஒரு தோஷமும் கிடையாது, பயமாக இருந்தால் வேடியப்பனுக்கு ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இரு என்று அவரும் சொன்னார். தலையை ஆட்டினாள், அவர் போனதும் பழைய பாட்டைத்தான் பாடினாள். ஒரு விரதமா, வேண்டுதலா, எதற்காவது இறங்கிவருவாளா என்று பார்த்தால் எதற்கும் இல்லை. வழியெல்லாம் திறந்துவிட்ட பிறகும் இவள் எதற்கு இப்படி நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பெண்டாட்டிதானே என்று நினைக்கிறோம், அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள இத்தனை வருஷம் போதவில்லை.

போன வாரம்தான் தெரிந்தது. காங்கிரீட் இறுகின பிறகு காய விடக்கூடாது, சாக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்கால வேளை, நானும் அவளும் மட்டும் குடத்தோடு சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தோம். உன் இரண்டாவது கடிதம் அன்றைக்குத்தான் வந்திருந்தது. அம்மா எப்போது வருகிறாள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். குடத்தைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, "ரெண்டு தடவையும் நம்ம வூட்டுக்குத்தான வந்தா. ரெண்டும் இந்தக் கையிலதான வந்து வுழுந்துச்சு. ரெண்டும் அழுவல. இந்தக் கை அங்க வேணாங்க" என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள். நான் அந்தக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. என்னைக் காப்பாற்ற இறங்கினாள், கூட வந்த ஆட்களின் வயிற்றுக்காக இறங்கினாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் வராமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதைத் தேடிக்கொண்டு குழியில் இறங்கியிருக்கிறாள். இத்தனை நாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு ஆக்கிப் போட்டிருக்கிறாள். நான் ஒன்றும் அறியாதவனாக அவளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது, சந்தைக்குப் போயிருக்கிறாள். பூசாரி சொன்னதும் நான் சொல்வதும் அவளிடம் எடுபடாது. நீ ஒருத்தி சொன்னால்தான் கேட்பாள். உன் மனதிலும் ஒரு மூலையில் அவள் கையைப் பற்றி ஏதாவது இருந்தால் வெட்கப்படாமல் எனக்குத் தனியாக எழுதிவிடு, நான் உன்மேல் குறை நினைக்கமாட்டேன், அவளிடமும் மூச்சு விடமாட்டேன். நான் மட்டும் வந்து மாப்பிள்ளைக்கு ஒத்தாசையாக வெந்நீராவது வைத்துக் கொடுக்கிறேன். ஆனால் அப்படி இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு கடிதத்திலும் நீ அம்மாவைத்தான் கேட்டிருக்கிறாய், அப்பா வருவாரா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான். அப்படியானால் உடனே பேனாவை எடுத்து அவளுக்கு எழுது. நீண்ட கடிதம் வேண்டாம், நியாயம் பேசவும் வேண்டாம், அந்த இரண்டு முறையும் நீ கண்ணைத் திறந்து பார்த்தபோது உன் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுது.

கார்த்திகை தீபம் கழித்து நான் புறப்படுகிறேன், மெட்ராஸ் போய் ரயில் மாற வேண்டும். உன் கடிதம் அதற்கு முன்னால் வந்துவிட்டால் இரண்டு டிக்கெட்டாக எடுப்பேன். அதுவரைக்கும் குழாயடியில் குடம் தூக்காதே, மாப்பிள்ளையிடம் சொல், ரயில்வேயில் தண்டவாளம் தூக்குகிறவருக்குக் குடம் பாரமில்லை. இடுப்பு வலித்தால் ஆறட்டும் என்று படுத்துக்கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ, இந்த முறை டாக்டரம்மா சொல்வதை ஒன்று விடாமல் கேள். அங்கே பனி அதிகம் என்கிறார்கள், காதை மூடிக்கொள். பசிக்கவில்லை என்றாலும் இரண்டு வாய் சாப்பிடு. தை பிறந்து நீயும் குழந்தையும் தனித்தனி உயிராக நின்று எங்களைப் பார்க்க வேண்டும், வேடியப்பன் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பான். மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. கவரின்மேல் என் பெயரை எழுதாதே. மங்கம்மாள், தங்கவேல் மண்டி, ஒடுகத்தூர் என்று பெரிய எழுத்தாக எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாதுதான், நான் ஓர் எழுத்து கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டுவேன். ஆனால் தபால்காரர் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவள் கையில் கொடுக்க வேண்டும். இதுவரைக்கும் அந்தக் கைக்கு ஒரு கடிதம் வந்ததில்லை.

இப்படிக்கு,
உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா,
அருணகிரி