விடுபட்ட ஒன்பது விநாடி

மார்ச் 4, செவ்வாய்

கெட்டில் ரிப்பேர் வீடியோ மூன்று தளங்களிலும் ஏறிவிட்டது. பெரிய தளத்துக்குப் பெரிய வீடு, நாற்பது ஐம்பது பேர் வந்துபோகும் தளத்துக்குச் சின்ன வீடு என்று நாத்தனார் பெயர் வைத்ததிலிருந்து நிம்மதி போயிற்று. என் வீட்டுக்காரர் போனில் அவர் மேனேஜரோடு பேசிக்கொண்டிருக்கும்போதா இவள் "சின்ன வீட்டுக்குப் போயாச்சா?" என்று கத்த வேண்டும்?

நான் சர்வீஸ் சென்டர் வேலையை விட்டு ஐந்து மாதம். இஸ்திரிப் பெட்டிக்கு ஒயர் மாற்றும் வீடியோ ஒன்றுதான் எங்களைத் தூக்கி நிறுத்துகிறது. பெரிய வீட்டில் மட்டும் நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

அந்த வீடியோவின் கீழே ஒருவர்: "நீங்க காட்டின மாதிரிதான் மாட்டினேன். அம்மாவுக்கு ஷாக் அடிச்சிடுச்சு. இப்ப நல்லா இருக்காங்க. நான் எங்க தப்பு பண்ணினேன்?"

அவர் தப்புப் பண்ணவில்லை. நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். எர்த் ஒயரைப் பெட்டியின் உடம்போடு வைத்து ஸ்க்ரூ முடுக்கும் இடம் இல்லவே இல்லை. ஒன்பது விநாடி வேலை. எர்த் இல்லாமலும் பெட்டி நன்றாகத்தான் சூடாகும். அதனால் யாருக்கும் தெரியாது. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்தால்தான் — ஐயோ, நாலு லட்சம் பேர்.

மார்ச் 7, வெள்ளி

வெட்டி ஒட்டுவது நாத்தனார்தானே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் போனை நீட்டினாள். போன வருடம் நான் அனுப்பிய செய்தி: "இழுவையா இருக்கு. ஸ்க்ரூ முடுக்கறதையெல்லாம் தூக்கிடு."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மார்ச் 8, சனி

சின்ன வீட்டில் பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் முழு வீடியோவை வைக்க முடிந்தது. மூன்றாவது தளத்தில் இருந்தது கெட்டிலும் மின்விசிறியும்தான், அதனால் பிரச்சினை இல்லை. பெரிய வீட்டில் மாற்றி வைக்க வழியில்லை, அழிக்கத்தான் வேண்டும். அழித்தால் நாலு லட்சமும் போச்சு.

கீழே ஒரு வரி எழுதிப் போட்டால் போதாதா என்கிறார் அவர். ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருப்பவன் கீழே போய்ப் படிப்பானா? நானே படிக்கமாட்டேன். ஆனா வேலையையும் விட்டாச்சே. மறுபடி அங்கே போய் நிக்கவா?

மார்ச் 9, ஞாயிறு

அழித்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

பழையதைப் பார்த்து மாட்டியவர்களுக்காக ஒரு சின்ன வீடியோ. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள், எர்த் ஒயரைப் பாருங்கள், தப்பு என்னுடையது என்று சொல்லி முடித்தேன். நாத்தனார் கேமராவை நிறுத்தினாள்.

"நம்மளோடதுன்னு சொல்லுங்க அண்ணி. கத்திரி என் கையிலதானே இருந்துச்சு."

மறுபடி எடுத்தோம். மூன்று தளங்களிலும் போட்டோம்.

மார்ச் 16, ஞாயிறு

பெரிய வீட்டில் ஈ காக்கை இல்லை. ஆனால் ஸ்க்ரூ முடுக்கிய பெட்டியைப் படமெடுத்து நூற்றுப் பதினேழு பேர் அனுப்பியிருக்கிறார்கள். முதல் படம், ஷாக் அடித்த அந்த அம்மாவின் மகனுடையது. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஒருவர் தப்பான ஓட்டையில் மாட்டியிருந்தார், உடனே பதில் போட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

சின்ன வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர்களில் ஒருவர் தொழிற்பயிற்சிப் பள்ளி ஆசிரியையாம். இன்றுதான் தெரியும். நல்ல வீடியோவை வகுப்பில் போட்டுக் காட்டினாராம். இப்போது பழையதையும் கேட்கிறார். எது விடுபட்டிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்கிறார். இனி மாதம் இரண்டு பொருள், ஒவ்வொன்றுக்கும் சரியானது ஒன்று, தப்பானது ஒன்று, பள்ளிக்கூடமே கூலி கொடுத்து வாங்கிக்கொள்ளுமாம்.

"நான் வெட்டினது பாடமாயிடுச்சு" என்று நாத்தனார் வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

டோஸ்டர். சரியானதை ஒரே தடவையில் எடுத்து முடித்தோம். தப்பானதில் எர்த் ஒயரை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். கை கேட்கவில்லை. மூன்று தடவையும் தானாகப் போய் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டது. நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, தப்பை அவளே செய்தாள்.