என்னைக் காட்டி ஊட்டிய சோறு

அன்புள்ள பூங்கொடி,

நீயும் யாழினியும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? சிங்கப்பூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று மார்சிலிங்கில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருத்தி, நம் தமிழ்ப் பெண்தான், மகளுக்குச் சோறு ஊட்டினாள். "சாப்பிடலன்னா அந்த அங்கிள் புடிச்சிட்டுப் போயிடுவாரு லா" என்று என்னைக் கைகாட்டினாள். குழந்தை அழுதுகொண்டே அத்தனையையும் விழுங்கியது. "தேங்க்ஸ் அண்ணே" என்று என்னிடம் சிரிக்கிறாள்! சீ! பிள்ளை வளர்க்கத் துப்பில்லாமல், வேலைக்கு வந்தவனைப் பூச்சாண்டியாக்குவதா?

அடுத்த வாரம் இங்கே வரும் குமரேசனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. விடுதிச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி வந்துவிட்டது. ஒன்று மட்டும் கேள். "அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்று இனி யாழினியை மிரட்டாதே. வீடியோ காலில் என் முகம் தெரிந்ததும் அவள் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள்.

உன்,
தனபால்